கன்னி மூலைச் சங்குப்பூ

அக்டோபர் 6, திங்கள்

மேகமூட்டம். காற்று இல்லை. படம் எடுக்க இதைவிட நல்ல காலை அமையாது. வெயில் வந்தால் வெள்ளைப் பூவெல்லாம் வெளிறிவிடும்.

இன்று எடுத்தவை:

நந்தியாவட்டை: உள்ளே வெள்ளைச் சிலந்தி. நண்டு மாதிரி முன்கால்களை விரித்துவைத்துக் காத்திருக்கிறது. வெறும் கண்ணுக்கு வெறும் பூ. ஒரு தேனீ வந்து பக்கத்துப் பூவோடு திரும்பிப் போனது. அதன் நல்ல நேரம்.

செம்பருத்தி: மொட்டுக் காம்பில் மறுபடி மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் வாங்கணும்.

இட்லிப்பூ: கும்பிடுபூச்சிக் குஞ்சு, ஒரு அரிசி நீளம். லென்ஸை அருகில் கொண்டுபோனால் தலையைத் திருப்பி என்னையே பார்க்கிறது.

சங்குப்பூ: பூ இரண்டு. அதைவிட முக்கியம், கொடிக்குப் பின்னால் சுவர் விரிசலில் குதிக்கும் சிலந்தி. வெள்ளைப் பட்டில் பை மாதிரி கூடு கட்டியிருக்கிறது. முட்டை இருக்கும்.

புதுப் பூவைத் தேடி நான் போவதில்லை. அதே செடி, அதே கிளை, அதே உயரம். அப்போதுதான் எது மாறுகிறது என்று தெரியும். ஃபோனில் மாட்டும் இந்தச் சின்ன லென்ஸ் ஸ்கூல் வேலையை விட்டபோது எனக்கு நானே வாங்கிக் கொடுத்தது. மகன் கார்த்திக் கோவை ஹாஸ்டலுக்குப் போன வருடம். வீட்டில் சத்தம் குறைந்தபோது தோட்டத்தில் எவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தது.

சங்குப்பூவை எடுக்கும்போது ஃபிரேமுக்குள் இவர் கை வந்துவிட்டது. கம்பெனிக்குக் கிளம்பும்முன் தினமும் அந்த மூலைச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அழிக்கவில்லை அந்தப் படத்தை. பூ, சிலந்தி, விரிசல், மோதிர விரல்.

அக்டோபர் 9, வியாழன்

புழுக்கம். மழை வரும் போல் காட்டிவிட்டு வரவில்லை.

சிலந்தி வீடியோ எடுத்தேன். விரிசலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரே ஒரு நூல் கட்டியிருக்கிறது. லென்ஸில் பார்த்தால் மின்கம்பி மாதிரி. அது இறுகுகிறது. தளர்கிறது. இறுகுகிறது. தளர்கிறது.

காற்று என்று நினைத்தேன். ஆனால் பூ ஆடவில்லை. இலை ஆடவில்லை. நூலுக்கு ஒரு விரல் தள்ளித் தொங்கும் காய்ந்த பூவிதழ்கூட அசையவில்லை.

சாதம் வடிக்கும்போது மறுபடி போட்டுப் பார்த்தேன், இந்த முறை சத்தத்தோடு. கிறீச். கொஞ்சம் இடைவெளி. கிறீச். நூல் அதே தாளத்தில்.

அது கஸ்தூரி வீட்டுத் தூளிச் சத்தம். பின்மனை காலி. மனைக்காரர் எங்கோ வெளியூர், இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கஸ்தூரியையும் அவள் புருஷன் மூர்த்தியையும் குடிவைத்திருக்கிறார். எங்கள் சுவரோடு சாய்த்துத் தகரக் கொட்டகை. அவள் துணி தேய்க்கிறாள், அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். கைக்குழந்தை ஒன்று.

அடுப்பை அணைக்க மறந்து அடிப்பிடித்துவிட்டது. இவரிடம் குக்கர் மேல் பழி போட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

தேய்க்க வேண்டிய துணியை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிப் போனேன். முன்பெல்லாம் சுவருக்கு மேலேயே கொடுப்பேன், முகம் பார்த்துப் பேசுவோம். சுவர் உயர்ந்த பிறகு குரல் மட்டும்தான் வரும்.

கொட்டகைக்குள் பார்த்தேன். கொக்கியை எங்கள் சுவரில் அடித்திருக்கிறார்கள். பழைய சுவர் முடிந்து புது வரிசைகள் ஆரம்பிக்கிற அந்த இடத்தில், சரியாக. தூளியின் ஒரு தலை அதில், இன்னொன்று கம்பத்தில். தூளியிலிருந்து ஒரு கயிறு தேய்க்கிற மேஜைவரை வருகிறது. தேய்த்துக்கொண்டே காலால் இழுத்து ஆட்டுகிறாள்.

"பாப்பா பேர் என்ன வச்சிருக்கே?"

"யாழினின்னு வச்சிகீறோம்க்கா. யாரு வாயில நொழையுது? குண்டம்மான்னா திரும்பிப் பாக்கும்."

அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

"கஸ்தூரி, தூளியை வேற பக்கம் கட்டேன். சுவர்ல விரிசல் இருக்கு."

"எந்த செவுத்துல?"

"இதுலதான்."

இஸ்திரிப் பெட்டியை அவள் நிறுத்தவில்லை. "ஆணி அடிச்சதுக்கு ஐயா எதுனா சொன்னாரா?"

"அதில்லம்மா."

"அதான்னா அதான்னு சொல்லுங்க மேடம். ஏன் சுத்தி வளைக்கிறீங்க? எங்க கூரையே உங்க செவுரு மேலதான் சாஞ்சிகினு கீது. அத்தயும் எடுக்கணுமா? நீங்க செவுரு ஏத்தறதுக்கு மின்னாடியே நாங்க இங்க கீறோம்."

சட்டைக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "வுடும்மா. தீபாவளி வரைக்கும் செவுரு எங்க போயிடப் போவுது?"

அக்கா மேடமாகிவிட்டது ஒரே பேச்சில். திரும்பி வரும்போது பின்னால் கிறீச், கிறீச். வேண்டுமென்றே வேகமாக ஆட்டினாளோ என்று தோன்றியது. இல்லை, குழந்தை அழுதிருக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

இவரிடம் வீடியோவைக் காட்டினேன். காபி குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து.

"காத்து."

"இலை ஆடலையே."

கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "பூச்சு விரிசல்மா. எல்லா வீட்லயும் இருக்கு."

"மேல ஏத்தின வரிசையை மட்டும் இறக்கிடலாங்க."

ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். "இறக்கறதுன்னா என்னன்னு தெரிஞ்சுதான் பேசறியா விஜி?"

தெரியும். எனக்குத் தெரியாதா. இவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த புதிது. கம்பெனி நண்பர் கூட்டிவந்த வாஸ்துக்காரர் காம்பஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். தென்மேற்கு, கன்னி மூலை, வீட்டுத் தலைவரின் இடம், அது தாழ்ந்து கிடக்கிறது, அதனால்தான் மார்வலி என்றார். சுவரை உயர்த்துங்கள், மண்ணைக் கொட்டிக் கனமாக்குங்கள். இனிமேல் அதை இறக்கவே கூடாது, இறக்கினால் அவர் உடம்புக்கு ஆகாது. நாலரை இன்ச் கனமே உள்ள பழைய சுவர், அதன்மேல் புது வரிசைகள். அடிவாரத்தில் டிராக்டர் டிராக்டராகச் செம்மண். அந்தச் செம்மண்ணில்தான் என் தோட்டம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செக்கப்பும் சுத்தமாக வந்தது. டாக்டர் மாத்திரை என்கிறார். இவர் சுவர் என்கிறார். நான் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறேன், சுவரைத் தொடும்போது வாயைத் திறப்பதில்லை.

"அவங்களைக் காலி பண்ணச் சொல்லிடலாம். மனைக்காரர் நம்பர் இருக்கு."

"வேணாங்க."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

பதில் இருந்தது, சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை, நர்ஸ்தான் விரலைப் பிரித்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்தவளால் எப்படிச் சொல்ல முடியும், சுவர் வெறும் சுவர் என்று. அதைவிட, எனக்கே முழுதாக அப்படித் தோன்றுகிறதா?

மதியம் உருளைக்கிழங்கு வறுவல். எண்ணெய் கம்மியாக. குறை சொன்னார்.

அக்டோபர் 14, செவ்வாய்

விடியற்காலை மழை, ஒரு பாட்டம். தெருமுனையில் அதற்குள் தண்ணீர்.

நத்தைகள் வெளியே வந்துவிட்டன. டிசம்பர் பூச்செடியில் ஒன்று, குட்டி, ஓடு கண்ணாடி மாதிரி. உள்ளே ஏதோ துடிப்பது தெரிந்தது. அழகான படம்.

சுவர் எடுத்த மேஸ்திரிக்கு ஃபோன்.

"தீபாவளி முடியட்டும் மேடம். ஆளுங்கல்லாம் ஊருக்குக் கெளம்பிட்டானுங்க."

"வந்து பார்த்துட்டாவது போங்களேன்."

"பாத்தா மட்டும் செவுரு நேரா நின்னுடுமா? ஐயாதான் ஏத்தச் சொன்னாரு, நான் அப்பவே சொன்னேன், பழைய செவுரு தாங்காதுன்னு. சொன்னனா இல்லியா?"

சொன்னார். சொல்லிவிட்டு ஏற்றினார். நான் டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை தூக்கலாக.

தோட்டத்து மண் ஊறிப்போய்ப் பாதம் அழுந்துகிறது. அத்தனை ஈரமும் அத்தனை மண்ணும் சாய்ந்து நிற்பது அந்தச் சுவர் மேல்.

அக்டோபர் 16, வியாழன்

லேசான வெயில். டியூஷன் பிள்ளைகளுக்கு இன்றோடு தீபாவளி லீவு. "மிஸ், ஹோம்வொர்க்கும் பட்டாசு மாதிரி, ஒரு நாள்தான் போடணும்" என்கிறது ஒன்று.

சங்குப்பூக் கொடியில் எறும்பு வரிசை. போன வாரப் படத்தில் விரிசலை அப்படியே நேராகத் தாண்டிப் போகின்றன. இன்று விரிசல்வரை வந்து, மீசையை நீட்டிப் பார்த்து, கீழே இறங்கிச் சுற்றிப் போகின்றன. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே உயரம், அதே தூரம், அதே கொடி.

எறும்பின் கால் எட்டவில்லை. அவ்வளவுதான் செய்தி.

சுவருக்கு அந்தப்பக்கம் நாள் முழுக்கத் தூளி. தீபாவளிக்குத் துணி குவிந்திருக்கிறது போல. பெட்டியைத் தட்டி வைக்கும் சத்தம், கரி கிளறும் சத்தம், கிறீச். நடுநடுவே அவள் பாட்டு. பாதி பாட்டு, பாதி மூர்த்தியைத் திட்டுவது. "உங்கப்பன் வருவான், வந்து துன்னுட்டுத் தூங்குவான், அவனுக்கு ஒரு தூளி கட்டலாமா, குண்டம்மா..."

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். அது மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

சிலந்தி கூட்டின் வாசலில் உட்கார்ந்திருந்தது. முன் கண்கள் இரண்டும் கருப்பு மணி. அதில் என் உருவம், ஃபோனோடு.

அக்டோபர் 19, ஞாயிறு

பால் பாக்கெட், தேங்காய், நல்லெண்ணெய், இஞ்சி (லேகியத்துக்கு). இவருக்கு மாத்திரை ஒரு அட்டை.

மார்க்கெட்டிலிருந்து வந்து பார்க்கிறேன், இவர் கன்னி மூலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. கையில் கரண்டி. வால் புட்டி வாங்கிவந்து விரிசலை அடைத்துவிட்டார். மேலே வெள்ளைப் பெயின்ட் ஒரு கை.

"பார். இப்ப எங்க இருக்கு விரிசல்?"

எங்கும் இல்லை. வெள்ளை வெளேரென்று, புதுச் சுவர் மாதிரி. கொடியை நார் வைத்து ஒரு ஓரமாகக் கட்டியிருந்தார், ஒரு மொட்டுகூட உதிராமல். எனக்காக. பெருமையாக என்னைப் பார்த்தார். நெற்றியில் புட்டி ஒட்டியிருந்தது, துடைத்துவிட்டேன்.

அவர் குளிக்கப் போன பிறகு லென்ஸோடு போனேன். சிலந்தி வெளியே இருந்தது. இரை தேடப் போயிருந்திருக்கும். ஈரப் புட்டி மேல் ஏறி, கூடு இருந்த இடத்தில் நின்று, முன்காலால் தொட்டுப் பார்த்து, பின்னால் வந்து, திரும்பவும் அதே இடம். படம் எடுத்தேன். ஏன் எடுத்தேன் தெரியவில்லை. எல்லாமே மங்கலாக வந்திருக்கிறது.

அடைத்ததை உடைத்துக் கூட்டை எடுத்திருக்கலாம். நகத்தால் கீறினாலே போதும், அப்போது ஈரம். குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. வந்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

கார்த்திக்குக்குப் பரீட்சை, வரவில்லை. வீடியோ காலில் எண்ணெய் வைத்துக் காட்டினான். அங்கே நல்லெண்ணெய் கிடைக்கவில்லையாம், தேங்காயெண்ணெய். இவர் ஃபோனை வாங்கித் திரையில் அவன் தலையைத் தடவினார்.

அமாவாசையும் சேர்ந்துகொண்டது. இவர் மூலையில் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைத்தார். தட்டு வைத்த இடத்துக்கு மேலே, வெள்ளைப் பெயின்டில், தலைமுடி மாதிரி ஒரு கோடு. பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். "பெயின்ட் காயும்போது அப்படித்தான்" என்றார்.

எதிர்வீட்டுப் பையன்கள் ஒரு பெரிய வெடி வைத்தார்கள். ஜன்னல் அதிர்ந்தது. நான் காதைப் பொத்தவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் வரிசையிலிருந்து மணல் கொட்டியது, உப்பு ஜாடியிலிருந்து சிந்துகிற மாதிரி, இட்லிப்பூ மேல்.

அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு கஸ்தூரியிடம். புதுப் புடவை, பச்சை. குழந்தைக்குக் கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. என்னைப் பார்த்ததும் மூர்த்தி எழுந்து நின்றான், அவள் எழவில்லை. ஆனால் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"வெடிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சிக்கா பாப்பாக்கு. தூளியில போட்டு ஆட்டனதுக்கு அப்பாலதான் தூங்குச்சி."

மறுபடி அக்கா. அந்த நல்ல நாளில் அதைக் கெடுக்க மனம் வரவில்லை. முறுக்கு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கோழை.

அக்டோபர் 22, புதன்

நேற்றிலிருந்து மழை. விட்டு விட்டு. வங்கக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது, நாளை ராத்திரி பெரிதாக வருமென்று டிவியில். பின்மனை குளமாகிவிட்டது. தவளைச் சத்தம்.

மழை விட்ட நேரத்தில் படம். நந்தியாவட்டையில் அந்த வெள்ளைச் சிலந்தி ஒரு தேனீயைப் பிடித்துவிட்டது. தன்னைவிடப் பெரிய தேனீ. பூ அதே பூ, அதே வெள்ளை.

கோடு இப்போது கோடு இல்லை. புட்டி இரண்டாகப் பிளந்து ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. குறுக்கே ஒரு நூல். யார் கட்டியது தெரியவில்லை. அதே சிலந்தியோ, வேறொன்றோ. அந்த நூலுக்காகவே சுற்றிக்கொண்டு ஓடினேன், முழங்கால்வரை சேற்றில்.

"கஸ்தூரி, உன் ஃபோனைக் கொடு. இல்ல, நீ எனக்கு வீடியோ கால் போடு. நான் என் பக்கம் போய் எடுக்கறேன்."

"இன்னாத்துக்குக்கா?"

"போடேன்."

திரும்ப என் தோட்டம். லென்ஸை மாட்டி, நூலுக்கு நேராக வைத்தேன். அவள் ஃபோனில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னாக்கா இது, கம்பியா?"

"சிலந்தி நூல். உன் சுவருக்கு இந்தப் பக்கம். இப்ப தூளியை ஆட்டு."

கிறீச். நூல் இறுகியது.

"நிறுத்து."

நின்றது.

"இப்ப ஆட்டு."

இறுகியது. தளர்ந்தது.

நான் சொல்லாமலே இன்னொரு தடவை, ரொம்ப மெதுவாக, ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். நூல் இறுகி, அப்படியே நின்றது. பிறகு ஃபோனில் தகரக் கூரை, கம்பம், அவள் புடவை எல்லாம் தலைகீழாகச் சுழன்றன. குழந்தையைத் தூக்கிவிட்டாள். அது தூக்கம் கலைந்து கத்தியது.

"யக்கா." குரல் சுவருக்கு மேலேயும் ஃபோனிலும் இரண்டாகக் கேட்டது. "அன்னிக்கே இத்த காட்டியிருக்கக் கூடாதா?"

"எங்க வீட்டுக்கு வந்துடுங்க. மழை முடியறவரைக்கும்."

"ஐயா இன்னா சொல்வாரோ. அதுவுமில்லாம ஊராளு துணியெல்லாம் கீது. நாலு நாளு வரலாம், அப்பறம்? மறுபடி இங்கதான படுக்கணும்? தரையில தண்ணி ஏறிடிச்சின்னா புள்ளைய எங்க போடுவேன்?"

சரியாகத்தான் கேட்டாள். அவர்களை நகர்த்தினால் போதாது.

"நாளைக்குச் சுவரை இறக்கிடறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னேன் என்று தெரிந்தது.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. தோசை வார்த்தேன். பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிட்டார். கழுத்துப் பக்கம் நரை முடி ரொம்ப மெலிந்துவிட்டது. ஒரு தோசை அதிகம் கேட்டார்.

அக்டோபர் 23, வியாழன்

காலை. இருட்டிக்கொண்டு வருகிறது, இன்னும் தூறல்தான்.

கிளம்பும்போது சுவரைத் தொட்டார். நான் குடை எடுத்துக் கொடுத்தேன். "சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க" என்றேன். "மழைக்கு அனுப்பிடுவாங்க" என்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வண்டி கிளம்பிவிட்டது. கிளம்பும்வரை காத்திருந்தேன் என்பதுதான் உண்மை.

மூர்த்தி கடப்பாரையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

முதலில் கொடியை வெட்ட வேண்டும்.

மாலை.

வரிசையாக எழுதுகிறேன்.

கஸ்தூரியும் குழந்தையும் எங்கள் முன்னறையில். துணி மூட்டைகளும். குழந்தை சோபாவில் தூங்குகிறது, சுற்றித் தலையணை.

சங்குப்பூக் கொடியை அடியோடு வெட்டினேன். பூத்திருந்தது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. செம்பருத்தி, இட்லிப்பூ எல்லாம் செங்கல்லுக்கு அடியில் போய்விட்டன. நந்தியாவட்டை மட்டும் தப்பித்தது.

மூர்த்தி அந்தப் பக்கம் வேண்டாம், நம் பக்கம் ஏணி போட்டு மேலிருந்து எடுப்போம் என்றான். நல்ல யோசனை. கடப்பாரை தேவைப்படவே இல்லை. முதல் கல் கையோடு வந்துவிட்டது. அடியில் இருந்த கலவை பொரிமாவு மாதிரி உதிர்ந்தது. "இன்னாக்கா இது, சும்மா அடுக்கி வச்சிகீறான்?" அவன் சிரித்தான். நானும்.

மாடிவீட்டு அம்மா குடையோடு எட்டிப் பார்த்து, "மழை நாள்ல யாராவது சுவரை இடிப்பாங்களா மேடம்?"

மூர்த்தி: "நாங்க இடிக்கல மேடம், அதுவே வருது."

கொஞ்ச வரிசை இறங்கியதும் முகம் தெரியும் உயரம் வந்தது. அந்தப் பக்கம் கொட்டகையின் கூரை, தேய்க்கிற மேஜை, காலியான தூளி. அவிழ்த்து வைக்க மறந்திருந்தார்கள். காற்றில் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது பெரிய மழை பிடித்தது. மூர்த்தி ஏணியிலிருந்து இறங்கி, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம் என்றான். நாங்கள் திரும்பிக்கூட நடக்கவில்லை. கொக்கி இருந்த பகுதி, மீதி வரிசைகள், கீழே பழைய சுவரில் பாதி, எல்லாம் ஒன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தது. மெதுவாக, யாரோ கதவைத் திறக்கிற மாதிரி. பிறகுதான் சத்தம். தகரம் மடங்கியது. தூளி இருந்த இடத்தில் செங்கல்லும் என் செம்மண்ணும்.

மூர்த்தி சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். கஸ்தூரி பின்கதவில் குழந்தையோடு வந்து நின்றாள். பார்த்தாள். குழந்தையின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

இவர் அந்த நேரத்தில்தான் வந்தார். வண்டிச் சத்தமே கேட்கவில்லை எனக்கு. ரெயின்கோட்டோடு தோட்டத்து வாசலில். கன்னி மூலையைப் பார்த்தார். அங்கே மூலையே இல்லை. அந்தப் பக்கம் மடங்கிக் கிடந்த கொட்டகையைப் பார்த்தார். தூளித் துணியின் ஒரு நுனி, பூப்போட்ட பழைய புடவை, மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு கஸ்தூரியின் தோளில் இருந்த குழந்தையை.

திட்டுவார் என்று நின்றேன். திட்டட்டும் என்று நின்றேன்.

ரெயின்கோட்டைக் கழற்றி துணி காயப்போடும் கம்பியில் மாட்டினார். பேன்டை மடித்துவிட்டார். ஓரத்தில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்த மிச்சத்தைக் காட்டி, "இதுவும் விழும். இதையும் இறக்கிடு மூர்த்தி" என்றார். அவரே போய் ஒரு கல்லை எடுத்தார். கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். இன்னொன்று. அதை வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"அந்தப் படம் இருக்கா?" என்று கேட்டார்.

"எது?"

"நூல் ஆடினது."

காட்டினேன். மழைத்துளி விழுந்து விழுந்து திரை மங்கியது, கட்டைவிரலால் துடைத்துத் துடைத்துக் கடைசிவரை பார்த்தார். "காத்து இல்ல" என்றார்.

அது கொஞ்ச நேரம் முன்னால்.

இப்போது உள்ளே நாற்காலியில். துண்டால் துவட்டிவிட்டேன், மறுபடி மறுபடி நெற்றியில் ஈரம். மழைத்தண்ணீர் என்கிறார். இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிவிட்டேன், வரச் சொல்கிறார்கள். மூர்த்தி ஆட்டோவை எடுக்கப் போயிருக்கிறான், தெருவில் தண்ணீர், தள்ளிக்கொண்டு வருகிறான் போல, சத்தம் கேட்கிறது. கஸ்தூரி இவர் காலில் சாக்ஸ் மாட்டுகிறாள், அவர் வேண்டாம் என்கிறார், அவள் கேட்கவில்லை.

செங்கல் தூக்கினதுல பிடிச்சுக்கிச்சு விஜி, வேற ஒண்ணும் இல்லை என்கிறார்.

இரண்டு செங்கல்தான் தூக்கினார்.